கல்லறைத் திருநாளுக்குக் கையால் வார்த்த மெழுகுதிரி: கடல் காற்றில் நிற்க என்ன செய்யணும்?

அலைவாய்க்கரை கேட்டது:
நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு 50 திரி வீட்டிலேயே வார்க்கணும். கல்லறைத் தோட்டம் குமரி மாவட்டம் முட்டம் பக்கம், கடலை ஒட்டின மணல். மந்திரிப்பு (குருவானவர் கல்லறையை ஆசீர்வதிக்குறது) முடிஞ்ச பிறகும் இரண்டு மணி நேரமாவது நின்னு எரியணும். சாதாரண பாரஃபின் திரி அங்கே ஒரு பக்கமா உருகி வழிஞ்சு அரை மணியில் தீர்ந்துபோகுது. மெழுகு எவ்வளவு வாங்க, திரிநூல் எது? இன்னொண்ணு, அயர்லாந்தில் அக்டோபர் 31 பொழுது சாய்ஞ்சதும் தொடங்குற சௌவின் (Samhain, குளிர்காலத் தொடக்க விழா) சடங்குக்கு, திரி மேல எண்ணெய் பூசி மூலிகையில் உருட்டுற வீடியோக்கள் நிறைய வருது. அதிலும் இறந்தவங்களை நினைக்குறாங்க. அந்த முறை நம்ம திரிக்கு ஒத்துவருமா?

திரிநூல்:
முதலில் கணக்கு. 2.5 செ.மீ. தடிமன், 15 செ.மீ. உயரம்னா ஒரு திரிக்கு ஏறக்குறைய 74 கன செ.மீ. பாரஃபின் அடர்த்தி 0.9, அதனால 66 கிராம். 50 திரிக்கு 3.3 கிலோ, சிந்துறதுக்கும் சேர்த்து 3.5 கிலோன்னு வச்சுக்குங்க. அதில் 3,150 கிராம் பாரஃபின், 350 கிராம் ஸ்டியரிக் அமிலம் (மெழுகைக் கெட்டியாக்குற பொருள்). பாரஃபின் 58–60 டிகிரியில் உருகுற ரகமா கேட்டு வாங்குங்க. விலை குறைஞ்சதுன்னு 52 டிகிரி ரகம் எடுத்தா சாய்ஞ்ச சுடரின் சூட்டுக்கே விளிம்பு இளகிடும். நீங்க சொன்ன வழிசலுக்கு முக்காவாசி காரணம் அதுதான்.

திரிநூல் பின்னினதா இருக்கணும். தையல் நூலை முறுக்கிப் போட்டா நுனி நிமிர்ந்தே நின்னு கரி கட்டும், புகையும். பின்னின நூலின் நுனி எரியும்போது வளைஞ்சு சுடருக்கு வெளியே வந்து தானே சாம்பலாகும். நூல் மெலிசா இருந்தா மெழுகுக் குளத்தில் முங்கி அணைஞ்சுபோகும். தடிச்சா சுடர் பெருத்து, கரி பிடிச்சு, மெழுகைச் சீக்கிரம் தின்னும். 50-ஐயும் வார்க்குறதுக்கு முந்தி இரண்டு தடிமனில் இரண்டு திரி வார்த்து, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் எரிச்சுப் பாருங்க.

ஐப்பசி ஈரத்தில் நூல் நமுத்திருக்கும். வெயிலில் காயவச்சு, உருகின மெழுகில் குமிழி நிக்குற வரை முக்கி எடுத்து, நீட்டி இழுத்து ஆறவிடணும். இதைத் தவிர்த்தா கொளுத்தினதும் படபடன்னு தெறிக்கும்.

மெழுகை நேரடித் தீயில் வைக்காதீங்க. தண்ணீர் கொதிக்குற பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு உருக்குங்க. தப்பித்தவறித் தீப்பிடிச்சா மூடி போட்டு மூடணும், தண்ணீர் ஊத்தவே கூடாது. 75–80 டிகிரியில் வார்க்கணும். அச்சின் உள்பக்கம் தேங்காய் எண்ணெய் துணியால் ஒரு துடைப்பு போதும். ஆறும்போது நடுவில் குழி விழும். மேல் ஏடு கட்டினதும் கம்பியால் குத்தி மறுபடி ஊத்துங்க. அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் ரொம்ப நேரம் வச்சா குறுக்கே வெடிக்கும். பத்து நிமிஷம் தாராளம்.

சிரட்டை:
அண்ணாச்சி சொன்னதோட, காற்றுக்கு மறைப்பும் வேணும். நல்ல திரியானாலும் திறந்த வெளியில் சுடர் சாயத்தான் செய்யும். மணலில் ஒரு சாண் அகலத்துக்குக் குழி தோண்டி, திரியின் அடி 3 செ.மீ. புதைஞ்சு, சுடர் மணல் மட்டத்துக்குக் கீழே நிக்குற மாதிரி வையுங்க. சிரட்டைக்குள்ள மெழுகு ஊத்துறவங்க சிரட்டைக் கண்ணை உள்பக்கமா மெழுகால் அடைச்சு, நூலின் அடியில் தகரத் தட்டு வைக்கணும். இல்லேன்னா கடைசி மெழுகு தீரும்போது சிரட்டையே பத்திக்கும். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மறைப்பா வைக்குறது வேண்டாம், இளகி திரி மேலேயே சரியும்.

எண்ணெய் பூசுறதும் மூலிகை உருட்டுறதும் நம்ம காற்றில் ஆபத்து. ஒட்டின ஒவ்வொரு காய்ஞ்ச இலையும் இன்னொரு திரியா எரியும், எண்ணெய் உருகின குளத்தில் சேர்ந்து சுடர் குப்னு எழும்பும். பூசியே ஆகணும்னா ஒரு திரிக்கு இரண்டு சொட்டு, மேல் 2 செ.மீ. விட்டுட்டு, உலர்ந்த துணியால் துடைச்சிருங்க. குந்திரிக்கத்தைப் பொடிச்சு மெழுகில் கலக்கவும் வேண்டாம். பிசின் நூலை அடைச்சு சுடர் சுருங்கிரும். வாசம் வேணும்னா தனியா கனலில் போடுங்க.

தேன்மெழுகு_மார்த்தாண்டம்:
தேன்மெழுகு 30 சதவீதம் சேர்த்தா வழிசல் இன்னும் குறையும். அது 62–64 டிகிரியில்தான் உருகும். ஆனா நூல் ஒரு அளவு தடிப்பா வேணும், பாரஃபினுக்குப் போடுறது பத்தாது. பழைய தேனடையை வாங்கினா துணியில் கட்டி வெந்நீரில் உருக்கி, ஆறினதும் அடியில் படியுற அழுக்கைச் சுரண்டிரணும். தேன் மிச்சம் இருந்தா நூல் அடைக்கும். வச்சிருந்த திரி மேல வெள்ளையா படருறது பூஞ்சணம் இல்லை, துணியால் துடைச்சா போகும்.

உப்புநீர்:
திரியோட கல்லறை கழுவ சோப்பும் சேர்த்துச் செய்யலாம். தேங்காய் எண்ணெய் சோப்புதான் உப்புத் தண்ணியிலும் நுரைக்கும், கடற்கரைக் கிணத்துக்கு அதுவே சரி. எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 90 கிராம், தண்ணீர் 200 கிராம். சோடாவைத்தான் தண்ணீரில் போடணும், தண்ணீரைச் சோடா மேல ஊத்தினா தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் அரிச்சுப்போகும், ஸ்டீல் எடுங்க. அச்சில் ஊத்தின 4–6 மணி நேரத்தில் வெட்டிரணும். மறுநாள் வெட்டினா கல்லா இருந்து உதிரும். நாலு வாரம் காயணும், அதனால இந்த வாரமே தொடங்குங்க. இது கல்லுக்குத்தான், உடம்புக்குத் தோலை உலர்த்தும். குளிக்கணும்னா சோடாவை 73 கிராமாக் குறைங்க. பளிங்குக் கல்லறையில் ஆசிடோ எலுமிச்சையோ படவே கூடாது, மெருகு போயிரும்.

அலைவாய்க்கரை:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணாச்சி. அச்சு இல்லை, ஒரு இஞ்ச் பிவிசி குழாயை வெட்டி எடுக்கலாமா?

திரிநூல்:
எடுக்கலாம். நெடுக்குவாக்கில் ஒரு கீறல் போட்டு, இரண்டு இடத்தில் ரப்பர் மாட்டி, அடியைக் களிமண்ணால் அடையுங்க. 80 டிகிரிக்கு மேல போகாதீங்க, குழாய் இளகும். நூல் நடுவில் நிக்க மேலே ஒரு ஈர்க்குச்சி குறுக்கா வச்சுக் கட்டணும். நூல் ஒரு பக்கம் ஒதுங்கினா, காற்றே இல்லாட்டியும் அந்தப் பக்கம்தான் வழியும்.