மறு: கலைச்சொல் - வண்டிக்கு வெளியே இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது

அன்பர்களுக்கு வணக்கம். வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜினை வெளியிலேயே ஓட்டிப் பார்ப்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘வெள்ளோட்டம்’ என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

மார்த்தாண்டத்து ஐயா கேட்பது நியாயம்தான். புதுத் தேரில் சாமியை எழுந்தருளச் செய்யாமல் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். சுசீந்திரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அங்கே ஓடுவது முழுத் தேர். நாம் பேசுவது, இறக்கி வேலை பார்த்த இன்ஜினைத் திரும்ப ஏற்றும் முன் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டி ஓட விடுவதைப் பற்றி. வண்டி முழுதாகி ரோட்டில் இறங்கும் நாளுக்கு வெள்ளோட்டத்தை வைத்துக்கொள்வோம்.

பழைய அம்பாசடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1489 சிசி, நாலு சிலிண்டர், பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி வரிசை இன்ஜின். ஏற்றி முடித்த பிறகு பின்பக்கம் ஆயில் கசிந்தால் மறுபடி இறக்கி, கியர்பாக்ஸைக் கழற்றி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே ஓட்டினால் கசிவு கண்ணுக்கு நேரே தெரியும், கையும் எட்டும்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்ற விடுவார்கள். ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக் மாட்டி, சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில் ஒயர் கொடுப்பது. முன்னால் ரேடியேட்டர், பக்கத்தில் தீயணைப்பான், பெட்ரோல் கேன் எட்டத்தில். வண்டியின் பாடி இல்லாததால், எர்த்துக்கு பேட்டரியிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கே நேராகத் தடித்த கேபிள் போட வேண்டும். சட்டத்தைத் தரையோடு முடுக்கியிருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று கொடுத்தால் இன்ஜின் ஒரு பக்கமாகத் திமிறும். கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புதிது என்றால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் மெதுவாக ஓட, விடக்கூடாது. சுமார் 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். கேமுக்குப் போகும் ஆயிலில் பெரும்பகுதி கிராங்க் சுழலும்போது தெறிப்பதுதான், ஐடிலில் அது போதாது.

> சரி, ‘சோதனை ஓட்டம்’ என்றே வைத்துவிடலாமே?

எனக்குக் கவலையே இந்தச் சொல்தான். டைனமோமீட்டரில் (இன்ஜினின் சக்தியை அளக்கும் கருவி) பளு ஏற்றி ஓட்டுவதும் சோதனை ஓட்டம்தான். சட்டத்தில் ஓடும் இன்ஜினுக்கு இழுக்க எதுவும் இல்லை. பளு இல்லையென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. பிஸ்டன் ரிங்கைச் சுவரோடு தள்ளிப் பிடிக்க அது போதாது. இப்படியே மணிக்கணக்கில் ஓட்டினால் ரிங் செட்டாகும் முன்பே சிலிண்டர் சுவர் வழவழப்பாகிவிடும், அப்புறம் ஆயில் குடித்துக்கொண்டே இருக்கும். ‘ரன்னிங்-இன் (புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் ஓட்டம்) முடிந்தது’ என்று நினைத்து நல்ல இன்ஜினைக் கெடுக்கிறவர்கள் உண்டு. படிக்கிற பையனுக்கு இரண்டும் வேறு என்று சொல்லே காட்ட வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: சட்டத்தில் பளுவின்றி ஓட்டுவது ‘மேடையோட்டம்’, டைனமோமீட்டரில் ஓட்டுவது ‘பளுவோட்டம்’, ரோட்டில் ‘வெள்ளோட்டம்’. அந்தச் சட்டத்துக்கு ‘ஓட்டமேடை’. ஒரு அன்பர் சொன்ன ‘புறவோட்டம்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் எதற்குப் புறம் என்று விளக்க வேண்டியிருக்கும். ‘தனியோட்டம்’ ஓட்டப்பந்தயம் மாதிரி ஒலிக்கிறது. ‘வெற்றோட்டம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வண்டியிலேயே நியூட்ரலில் ஓடுவதற்கும் அது பொருந்திவிடும், அங்கேயே இருக்கட்டும்.

‘மேடை’ என்றால் சிமெண்ட் மேடை நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். லேத் மேடை, வேலை மேடை என்று பட்டறையில் பேசினால் புரிந்துகொள்கிறார்கள், இதுவும் புரியும்.

இன்னொன்று. வள்ளத்தில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினுக்கு மேடை பொருந்தாது. அதற்குக் குளிர்ச்சியே வெளித் தண்ணீர் என்பதால் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அடிப்பாகத்தை முக்கி ஓட்டுவார்கள். ‘தொட்டியோட்டம்’ என்று தனிப் பதிவு போடலாம் என்று நினைக்கிறேன். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கரையில் இதற்கு ஏற்கெனவே புழங்கும் சொல் இருந்தால் தெரிந்த அன்பர்கள் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.