புதுப்பிப்பு: செங்கோட்டை - புனலூர் ரயில் போய்ட்டு வந்தாச்சு

வீக்கெண்ட்ல சின்னச் சின்ன ஸ்டேஷன் பாக்கணும், எந்த லைன்ல போலாம்னு கேட்டிருந்தேன்ல, நெறைய பேர் செங்கோட்டை - புனலூர்னு சொன்னீங்க. சொன்ன எல்லாருக்கும் நன்றி.

செங்கோட்டைல வண்டி நின்னதும் பின்னாடியும் ஒரு இஞ்சின் மாட்டுறாங்க, இஞ்சினையும் பெட்டியையும் இணைக்குற கப்ளிங்க ஆள் குனிஞ்சு மாட்டிட்டு கைய காட்டினதுக்கப்புறந்தான் வண்டி நகருது. மலை ஏத்தம் அப்படி. பகவதிபுரம் தாண்டி நீளமா ஒரு டனல், ஒரு வாய் தமிழ்நாடு இன்னொரு வாய் கேரளா, வெளில வந்தா காத்தே வேற மாதிரி ஈரமா இருக்கு.

கழுதுருட்டி கிட்ட பதிமூணு கண் பாலம். 1904ல மீட்டர்கேஜுக்கு (ஒரு மீட்டர் அகல தண்டவாளம்) கல்லால கட்டுனது, 2018ல முழுசா பிராட்கேஜ், அதாவது இப்ப இருக்குற அகலப் பாதை ஆனப்பவும் இடிக்காம பலப்படுத்தி அதுமேலயே வண்டி விடுறாங்க பாருங்க, அதுக்கே ஒரு சல்யூட். வண்டி 30 கிலோமீட்டர் ஸ்பீடுக்குள்ளதான் போகும், அதனால ஜன்னல்ல நல்லா ஆற அமர பாக்கலாம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது இடப்பாளையம். சுத்தி காடு, வண்டி போனப்புறம் பூச்சி சத்தம் மட்டும்தான். இங்கல்லாம் சாப்பிட எதுவும் கெடைக்காது, செங்கோட்டைலயே கட்டிக்கிட்டு ஏறிடுங்க.

புனலூர்ல எறங்குனா 1877 தொங்குபாலத்த பாக்காம வந்துராதீங்க. அடுத்து மதுரை - போடி லைன் போலாம்னு இருக்கேன், போனவங்க இருந்தா சொல்லுங்க.