விண்டோ முன்னால் வரவில்லை, டாஸ்க்பார் பட்டன் மட்டும் மின்னுகிறது (சி ஷார்ப், விண்டோஸ் 10)

செவ்வாய்பேட்டை பில்லிங்:
வெல்ல மண்டிக்கு இரண்டு புரோகிராம். ஒன்று பில் போட, இன்னொன்று காம் போர்ட்டில் (சீரியல் இணைப்பு) எடைத்தராசைப் படிக்க. சிப்பத்தின் எடை நிலைத்ததும் தராசு விண்டோ முன்னால் வர விண்டோஸின் செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன். விஷுவல் ஸ்டுடியோவில் ஓட்டினால் வருகிறது, மண்டி கம்ப்யூட்டரில் பட்டன் மின்னுவதோடு சரி. இரண்டின் இன்புட்டையும் இணைக்கும் அட்டாச்த்ரெட்இன்புட் போடலாமா?

ஐந்துரோடு:
டீபக்கரில் (விஷுவல் ஸ்டுடியோவின் பிழை தேடும் கருவி) ஓடும் புரோசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) விண்டோஸ் விலக்கு தருகிறது, அதனால்தான் அங்கே வருகிறது. மற்றபடி முன்னால் இருக்கும் புரோசஸ், அது தொடங்கிய புரோசஸ், கடைசியாகக் கீ அல்லது மவுஸ் வாங்கிய புரோசஸ் ஆகியவற்றுக்குத்தான் பெரும்பாலும் உரிமை. காம் போர்ட்டில் வரும் டேட்டா அந்தக் கணக்கில் சேராது.

அட்டாச்த்ரெட்இன்புட் வேண்டவே வேண்டாம். இரண்டு த்ரெட்டுக்கும் (புரோகிராமுக்குள் ஓடும் வேலைத்தொடர்) இன்புட் வரிசை ஒன்றாகிவிடும். தராசு த்ரெட் போர்ட்டில் மாட்டி நின்றால் பில் விண்டோவும் சேர்ந்து உறையும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடு) ஃபோர்கிரவுண்ட்லாக்டைம்அவுட்டை (முன்னால் வரத் தடை நீடிக்கும் நேரம், மில்லிசெகண்டில்) 200000-லிருந்து 0 ஆக்கச் சொல்வார்கள். அது அந்த யூசரின் எல்லா புரோகிராமுக்கும் கதவைத் திறந்துவிடும்.

இரண்டும் நீங்கள் எழுதியவைதானே, பில்லிங்கே அனுமதி கொடுக்கட்டும். எஃப்8 அழுத்தியதும் அலோசெட்ஃபோர்கிரவுண்ட்விண்டோவுக்குத் தராசின் புரோசஸ் ஐடியைக் கொடுத்து, உடனே பைப்பில் (இரண்டு புரோகிராமும் பேசிக்கொள்ளும் வழி) தகவல் அனுப்புங்கள். நடுவே வேறு கீ தட்டினால் அனுமதி போய்விடும். தராசு விண்டோ மினிமைஸ் ஆகியிருந்தால் முதலில் ஷோவிண்டோவை 9 (ரீஸ்டோர்) கொடுத்துக் கூப்பிட வேண்டும்.

செவ்வாய்பேட்டை பில்லிங்:
எஃப்8 சரி. கணக்குப்பிள்ளை எதையும் அழுத்தாமலே எடை தெரியணுமே?

ஏற்காடு அடிவாரம்:
தெரிந்தால் போதுமே, ஃபோகஸ் (தட்டும் கீ போய்ச் சேரும் இடம்) எதற்கு? அவர் விலை 1350 அடிக்கும்போது ஃபோகஸ் மாறினால் 13 பில்லிலும் 50 தராசிலும் விழும். பின்னாலேயே வரும் என்டர் தராசு விண்டோவின் 'சேமி'யை அழுத்திவிடும்.

எடைக்கு ஒரு சின்ன ஃபார்ம் வையுங்கள். ஷோவித்அவுட்ஆக்டிவேஷன் ட்ரூ, கிரியேட்பாரம்ஸில் எக்ஸ்ஸ்டைலோடு (விண்டோவின் கூடுதல் தன்மைகள்) ஹெக்ஸ் 08000008. அதில் 08000000 நோஆக்டிவேட், 8 டாப்மோஸ்ட். மேலே தெரியும், கிளிக் செய்தாலும் ஃபோகஸ் எடுக்காது. ஃபார்மின் டாப்மோஸ்ட் பிராப்பர்ட்டியை மட்டும் தொடாதீர்கள், தொட்டால் ஷோவித்அவுட்ஆக்டிவேஷன் பலிக்காது. பலர் மாட்டுவது இங்கேதான்.

பில் கட்டத்தில் எடையை நிரப்ப செண்ட்கீஸ் (கீ தட்டியது போல அனுப்புவது) வேண்டாம், அதே பைப்பில் எண்ணாக அனுப்புங்கள். பில்லிங்கை அட்மினாகத் திறந்திருந்தால், சாதாரண உரிமையில் ஓடும் தராசு அனுப்பும் கீ போய்ச் சேராது. ஏன் சேரவில்லை என்று எந்த எரரும் சொல்லாது.