எம்.2 எஸ்எஸ்டி மாட்டியும் பயாஸில் காட்டவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (மடிவாளா, பெங்களூரு):
2016 மாடல் லேப்டாப். உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க், டாஸ்க் மேனேஜரில் எந்நேரமும் டிஸ்க் 100%. எஸ்.பி. ரோட்டில் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி எம்.2 ஸ்லாட்டில் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் ஏறிவிட்டது. ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலும் இல்லை, பயாஸிலும் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை செட்டிங்) இல்லை. "விண்டோஸைப் புதுசாப் போடுங்க, வந்துடும்" என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில் 1:
போடாதீங்க சார். பயாஸ் கண்ணிலும் இப்போதைய விண்டோஸ் கண்ணிலும் படாத டிஸ்கைப் புது விண்டோஸ் எங்கிருந்து பார்க்கும்?

முதலில் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்க. 30 டிகிரி சாய்வில் முழுசாகத் தள்ளி, பிறகு படுக்க வைத்து ஸ்க்ரூ போடணும். தங்க நிறக் காண்டாக்ட் பளிச்சென்று வெளியே தெரிந்தால் சரியாக ஏறவில்லை.

அப்படியும் வரவில்லை என்றால் ஸ்லாட்தான் காரணமாக இருக்கும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டாவும் (பழைய, மெதுவான இணைப்பு முறை) வரும், என்விஎம்இயும் (புதிய, வேகமான முறை) வரும். அந்தக் கால லேப்டாப் பலவற்றில் சாட்டா மட்டும்தான். சர்வீஸ் மேனுவலில் ஸ்டோரேஜ் பக்கத்தைப் பாருங்க.

கேள்வி கேட்டவர்:
மேனுவலில் 'எம்.2 சாட்டா' என்று மட்டும்தான் இருக்கு. மாற்றித் தர கடையில் ஒத்துக்கிட்டாங்க. எம்.2 சாட்டா எடுக்கவா, பழைய ஹார்ட் டிஸ்க் இடத்தில் போடும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி எடுக்கவா? டேட்டா 300 ஜிபி.

பதில் 2:
இரண்டுக்கும் வேகம் ஒன்றுதான், நொடிக்கு 550 எம்பி சுற்றி. எம்.2 சாட்டா எடுத்தால் பழைய டிஸ்க் உள்ளேயே இருக்கும். ஆனால் என் ஓட்டு 2.5 இன்சுக்கு, நாளைக்கு லேப்டாப் போனாலும் ஒரு யுஎஸ்பி-சாட்டா கேபிளில் எங்கேயும் ஓடும். இப்போது குளோன் செய்யவும் (பழைய டிஸ்கை அப்படியே புதியதில் நகலெடுக்க) அதே கேபிள்தான்.

குளோனுக்கு முன், டிஸ்க் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'கரன்ட் பென்டிங் செக்டர்' (படிக்கத் திணறும் இடங்களின் எண்ணிக்கை) 0-வா என்று பாருங்க. 0 இல்லையென்றால் குளோன் பாதியில் நிற்கலாம். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறெங்காவது காப்பி எடுத்துடுங்க. பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்கைப் பூட்டும் வசதி) ஆனில் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் குறித்து வைத்து, பிட்லாக்கரை ஆஃப் செய்யுங்க.

500 ஜிபி என்றாலும் விண்டோஸில் 465 தான் காட்டும், உங்க 300 ஜிபி அதில் அடங்கும். ஆனால் குளோன்ஸில்லா என்ற இலவச குளோன் மென்பொருள் பெரிய டிஸ்கைச் சின்ன டிஸ்குக்கு அப்படியே மாற்றாது. எஸ்எஸ்டி கம்பெனியின் சொந்த மென்பொருள் பெரும்பாலும் பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதி) தானே சுருக்கிக்கொள்ளும்.

பதில் 1:
ஒன்றை விட்டுட்டீங்க. குளோன் முடிந்து முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் உள்ளே இருக்கக்கூடாது. இரண்டிலும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும், எதிலிருந்து ஏறியது என்றே தெரியாது.

பிரிக்கும் முன் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்க (அப்போதுதான் விண்டோஸ் முழுசாக அணையும்), திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்க. பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமனாக இருந்து புதியது 7 மிமீ என்றால் பயப்பட வேண்டாம். பழைய டிஸ்கின் தகரச் சட்டத்தைக் கழற்றி இதில் அதே 4 ஸ்க்ரூவில் பிடித்தால் ஆடாது. சட்டம் இல்லாத மாடலில் மட்டும் 2.5 மிமீ ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் சட்டம்) ஒட்டணும்.

கேள்வி கேட்டவர்:
2.5 இன்ச் மாட்டியாச்சு, பூட் ஆகுது. விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸில் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' (எஸ்எஸ்டி) என்றே காட்டுது. நன்றி சார்.