புள்ளித் திருக்கையையும் கொழுஞ்சியையும் எதை வச்சு ஒப்பிட?

உவரிக்காரி:
எம்மவ பதினொண்ணாங் கிளாஸ். ஒரு கடல் உயிரையும் ஒரு பூக்குற செடியையும் ஒப்பிட்டுப் பேசணுமாம். எங்க ஊரு வலையில வார திருக்கையையும் அவ ஆச்சி ஊரு வயல்ல கெடக்க கொழுஞ்சியையும் எடுத்துருக்கா. இதுக்கு வேரு, அதுக்கு வாலுன்னு எழுதி வச்சுருக்கா, எனக்கே அது பத்தல. உருப்படியா ஒரு விஷயம் சொல்லுங்க.

பொருநைக்கரை:
நைட்ரஜனைப் புடிச்சுக்கச் சொல்லுங்க அக்கா. கடத்தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் கிட்ட உப்பு, அதுல கெடந்தா உடம்புத் தண்ணி வெளிய போயிரும், அதனால திருக்கை என்ன செய்யுதுன்னா நாம ஒண்ணுக்குல விட்டுருத யூரியாவ ரத்தத்துலயே நிறுத்திக்கிடுது, நம்ம ரத்தத்துல உள்ளத விட அம்பது மடங்குக்கு மேல. அதனால ரத்தமும் கடத்தண்ணி அளவுக்கு அடர்த்தியாயிரும், தண்ணி வெளிய போகாது. கொழுஞ்சி கதை வேற. காத்துல 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால நேரா எடுக்க முடியாது, வேர் முடிச்சுல குடியிருக்க ரைசோபியம் பாக்டீரியா அத அம்மோனியாவா மாத்திக் குடுக்கு, செடி அதுக்குச் சர்க்கரை குடுக்கு. ஒண்ணு கழிவக் காப்பாத்தி வைக்கி, இன்னொண்ணு காத்துலருந்து சம்பாரிக்கி.

களக்காட்டு விவசாயி:
அருமையாச் சொன்னீங்க அண்ணாச்சி. முடிச்ச நகத்தால கிள்ளிப் பாக்கச் சொல்லுங்க, உள்ள செவப்பா இருந்தா வேலை நடக்குன்னு அர்த்தம். அது லெக்ஹீமோகுளோபின், திருக்கை ரத்தத்துல ஓடுத ஹீமோகுளோபினுக்குச் சொந்தம், பாக்டீரியாவோட என்சைம் ஆக்சிஜன் பட்டுக் கெட்டுராம பாத்துக்கிடும். செமினார்ல இதக் கண்டிப்பா சொல்லணும். ஆடு மாடு கொழுஞ்சியில வாய் வைக்காது, பூ எடுக்கையில மடக்கி உழுதுட்டா வயலுக்கு அதான் உரம். இன்னொண்ணு, கொழுஞ்சிய நசுக்கித் தண்ணியில போட்டா மீனு மயங்கும், அதுல உள்ள ரோட்டினாய்டுங்க விஷம் செவுள் வழியாப் போயி மூச்ச முடக்கிரும். பிள்ளைய செஞ்சு பாக்க விட்டுராதீங்க.

இடிந்தகரை மீன்கடை:
ஐஸ் இல்லாம வச்ச திருக்கை மூக்குல ஏறுத மாதிரி நாறுமே, அது அந்த யூரியாவ பாக்டீரியா அம்மோனியாவா ஒடைக்கதுதான். கொழம்புல புளி தூக்கலா ஊத்துனா அந்த வாடை அடங்கும், புளிப்பு அம்மோனியாவ முறிச்சிரும். புளிய மரமும் கொழுஞ்சி குடும்பந்தான், பாத்துக்கிடுங்க.

உவரிக்காரி:
ரொம்ப நன்றி, நைட்ரஜனையே பேசச் சொல்லுதேன். செடிய முடிச்சோட கொண்டுபோக என்ன வழி?

களக்காட்டு விவசாயி:
புடிச்சு இழுத்தா முடிச்செல்லாம் மண்ணுலயே அத்துப்போயிரும். மம்பட்டியால சுத்தி வெட்டி மண்கட்டியோட எடுத்து ஈரச் சாக்குல சுத்திக் குடுத்து விடுங்க, பள்ளிக்கூடத்துல போயி வாளித் தண்ணியில மெதுவா அலசட்டும்.