தனகா மட்டும் போதுமா? வயல்வேலை செய்கிற அப்பாவுக்காகக் கேட்கிறேன்

பெகு மகள்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பர்மாவில் பெகு பக்கம் ஒரு கிராமம். நெல், அதை அறுத்த பிறகு உளுந்து. அப்பாவுக்கு 63 வயது. விடியற்காலை வயலில் இறங்கினால் பகல் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வரமாட்டார், தூக்குச்சட்டியில் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போன மாதம் ஆஸ்திரேலியாவில் இருக்கிற சித்தி மகன் போன் பண்ணினான். அவன் வேலை செய்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரருக்கு மூக்கில் தோல் புற்றுநோய் வந்து வெட்டி எடுத்தார்களாம், வெயிலால் வருவதாம், பெரியப்பாவுக்கு சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடு அக்கா என்று சொல்லி வைத்துவிட்டான். அன்றிலிருந்து எனக்கு மனசு நிலையாக இல்லை.

அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். உன் ஆயா காலத்திலிருந்து தனகா மரப்பட்டைப் பூச்சுதான், யாருக்கு என்ன வந்தது என்கிறார். காலையில் அம்மா கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டையை அரைத்து இரண்டு கன்னத்திலும் பூசிவிடுவார். பத்து மணிக்கு நான் சோறு கொண்டு போகும்போது பார்த்தால் அது காய்ந்து வெடித்து, வேர்வை ஓடின இடமெல்லாம் கோடு கோடாகக் கரைந்திருக்கும். காதிலும் பின்கழுத்திலும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் கிடையாது.

தனகா போதுமா, இல்லை அந்த கிரீம் வேண்டுமா? நம்மைப் போலக் கறுத்த தோலுக்கும் இந்த நோய் வருமா? கூடவே இன்னொன்று. எனக்குக் கன்னத்தில் மங்கு இருக்கிறது, என் மகள் (16 வயது) கடைத்தெருவில் பேர் தெரியாத ஒரு வெள்ளையாக்கும் கிரீம் வாங்கி வந்து அம்மா இதைப் போடு என்கிறாள். அவளும் போடுகிறாள்.

தட்டோன் கறுப்பன்:

தங்கச்சி, வீணாகக் கவலைப்படாதே. வெள்ளைக்காரன் தோல் வேறு, நம் தோல் வேறு. கடவுள் நமக்குக் குடையை உடம்போடு வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறார். என் தாத்தா 80 வயதுவரை சட்டை போடாமல் உழுதவர். அந்த கிரீமைப் பூசினால் வேறொன்றும் ஆகாது, விபூதிப் பண்டாரம் மாதிரி முகம் சாம்பல் பூத்து நிற்கும், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற நர்ஸ்:

கறுப்பன் அண்ணே, நீங்கள் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிதான் ஆளை ஏமாற்றுகிறது. நான் தோல் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோலின் கறுப்பு, அதாவது மெலனின், உண்மையிலேயே ஒரு குடைதான். 1979இல் அளந்து பார்த்தவர்கள் கறுப்பின மக்களின் மேல்தோலுக்கு எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீன் டப்பாவில் போடுகிற வெயில் தடுப்பு அளவு) 13 அளவுக்குத் தடுப்பு இருப்பதாகவும் வெள்ளைத் தோலுக்கு 3 சொச்சம்தான் என்றும் சொன்னார்கள். நாம் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். அதனால் வெயிலால் வருகிற பேசல் செல், ஸ்குவாமஸ் செல் புற்றுநோய்கள் வெள்ளைக்காரர்களைவிட நமக்கு மிகமிகக் குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை. நாற்பது ஐம்பது வருஷம் வயலில் நிற்கிறவருடைய காது மடல், மூக்கு, கீழுதடு, பின்கழுத்து இவையெல்லாம் வெயிலை நேராக வாங்குகிற இடங்கள். கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயல்காரர்கள் பலருக்கு மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கும் வெயில் முக்கியக் காரணம்.

ஆனால் நமக்கு வருகிற மோசமான வகை வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். மெலனோமா என்கிற புற்றுநோய் கறுத்த தோல்காரர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வரும். அது வெயிலால் வருவது அல்ல. எந்த கிரீமும் எந்தத் தொப்பியும் அதைத் தடுக்காது, கண்ணால் பார்த்துப் பிடிப்பது ஒன்றுதான் வழி. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இந்த வகைதான். 1981இல் 36 வயதில் இறந்துபோனார். உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள் சொல்லுங்கள்? சேற்றுக் கால், வாய்க்காலில் அலசிவிட்டுச் செருப்பை மாட்டினால் முடிந்தது. நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அது புண்ணாகி உடைந்து, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கும்.

சரி, தனகா. அந்தப் பட்டையில் மார்மெசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும். குளிர்ச்சி, வாசனை, எரிச்சலை அடக்குகிற குணம், இதெல்லாம் உண்டு. ஆகவே சும்மா இருப்பதற்கு அது மேல். ஆனால் அளந்து செய்த பாதுகாப்பு கிடையாது. பெகு மகளே, நீங்களே எழுதிவிட்டீர்களே, பத்து மணிக்கே வெடித்துக் கோடாகிவிடுகிறது என்று. நம் ஊரில் பத்து மணிக்கு மேல்தானே உண்மையான வெயில் ஆரம்பிக்கிறது. ரங்கூனில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய கடிகாரத்திலும் பன்னிரண்டு மணிக்கே, மே முதல் பாதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் சரியாகத் தலைக்கு மேலேயே நிற்கும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம் கதிர் பலமாக இருக்கிற நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும், கருவி ஒன்றும் வேண்டாம்.

அப்பாவுக்கு முதலில் துணி, அப்புறம்தான் கிரீம். அகலமான கமாவுக் மூங்கில் தொப்பி, அதற்குக் கீழே பின்கழுத்தையும் காதையும் மூடுகிற மாதிரி ஒரு பருத்தித் துண்டு, நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊடே தெரிகிற துணி அவ்வளவாக உதவாது, நனைந்தால் இன்னும் மோசம். பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை குனிந்து செய்கிற வேலையை முன்னும் பின்னும் தள்ள முடிந்தால் தள்ளச் சொல்லுங்கள். கிரீம் வாங்கினால் எஸ்.பி.எஃப். 30 போதும். 30 என்றால் எரிக்கிற கதிரில் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98, அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்காதீர்கள். ஆனால் நிறையப் பூச வேண்டும். முகம், கழுத்துக்கு மட்டும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும், வேர்வையில் வேலை செய்கிறவர் இரண்டு மணிக்கொரு தடவை மறுபடி போட வேண்டும். அப்பா செய்வாரா? செய்யமாட்டார். அதனால்தான் துணி என்கிறேன்.

மகள் வாங்கின கிரீமை இன்றைக்கே நிறுத்துங்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று அட்டையில் எழுதாத வெள்ளை கிரீம்களில் பாதரசமும் பலமான ஸ்டீராய்டும் கலப்பது வழக்கம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கி ரத்தக் குழாயைத் தெரிய வைக்கும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம் கலந்த இந்த மாதிரிப் பூச்சுகளை பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா என்ற உலக நாடுகளின் உடன்படிக்கைப்படி 2020க்குப் பிறகு செய்யவே கூடாது, ஆனாலும் கடைத்தெருவில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மங்குக்கு நீங்கள் தேட வேண்டியது நிறம் கலந்த சன்ஸ்கிரீன், தோல் நிறத்திலேயே வரும், அதில் இரும்பு ஆக்சைடு இருக்கும். மங்குவைக் கிளப்புவது புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான், அதை வெறும் வெள்ளை கிரீம் தடுக்காது. கறுப்பன் அண்ணனுடைய விபூதிப் பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும்.

லைன்கார் டிரைவர்:

சயாமா (நர்ஸம்மா) சொன்னது நூற்றுக்கு நூறு. என் வலது கையையும் இடது கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு ஆளுடைய கை மாதிரி இருக்கும். நம் நாட்டில் 1970இலிருந்து சாலையின் வலது பக்கம் ஓட்டுகிறோம், ஆனால் என் வண்டி பழைய ஜப்பான் வண்டி, ஸ்டீயரிங்கும் வலது பக்கம். நாள் முழுக்க ஜன்னலோரம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெயில் படாது என்று நினைத்தேன், பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

ஓய்வு பெற்ற நர்ஸ்:

உண்டு தம்பி. பக்கக் கண்ணாடி எரிக்கிற கதிரை நிறுத்திவிடும், அதனால் சுடாது, ஆனால் தோலைச் சுருக்கிக் கறுக்க வைக்கிற யு.வி.ஏ. நன்றாக உள்ளே வரும். கையுறை மாதிரித் தோள்வரை இழுத்து மாட்டுகிற துணிக் கை விற்கிறார்களே, அது போதும். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா அன்றைக்கும் இதே கதைதான், வண்டியில் நின்று நாள் முழுக்க நனைகிறவர்களுக்கு உடம்பு குளிர்ந்து கிடப்பதால் வெயில் உறைக்காது, சாயங்காலம்தான் தோள் எரியும். சூடும் இந்தக் கதிரும் ஒன்றல்ல. மெல்லிய மேகம் போட்ட நாளிலும் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடும்.

மோல்மீன் மணி:

நான் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், யாரும் இதைச் சொல்லவில்லை என்பதால். என் அம்மாவுக்குச் சின்ன வயதில் அடுப்புத் தீ பட்டு முழங்காலுக்குக் கீழே பெரிய தழும்பு. அந்தத் தழும்பின் மேல் ஒரு புண் வந்தது, அம்மாவுக்கு அப்போது 58 வயது. மஞ்சள் வைத்தோம், வேப்பிலை அரைத்துக் கட்டினோம். ஒரு கிளினிக்கில் மூன்று தடவை மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், எந்த ஊர், எந்த டாக்டர் என்று எழுதப் போவதில்லை, ஆனால் மூன்று தடவையும் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் மனதில் நிற்கிறது. ஓரம் தடித்துக் காலிஃபிளவர் மாதிரி ஆகி நாற்றம் எடுத்த பிறகு ரங்கூன் போனோம். ஓரத்தில் மரத்துப் போக ஊசி போட்டு அரிசி அளவு சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், ஸ்குவாமஸ் செல் என்று வந்தது. அகலமாக வெட்டித் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அம்மா இப்போது நன்றாக நடக்கிறார், காலைத்தான் யாருக்கும் காட்டமாட்டார். பழைய தீத்தழும்பில் முப்பது வருஷம் கழித்துக்கூட இப்படி வரும் என்று அந்த டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

ஓய்வு பெற்ற நர்ஸ்:

மணி, நல்லவேளை எழுதினீர்கள். நம் தோலில் ஸ்குவாமஸ் செல் வருவது பெரும்பாலும் இப்படித்தான், ஆறாத புண்ணிலும் பழைய தழும்பிலும். ஒரு மாதமாகியும் ஆறாத புண் எதுவானாலும் சதை எடுத்துப் பாருங்கள் என்று நாமே வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதில் தப்பே இல்லை.

பெகு மகள், வீட்டில் குடிதண்ணீர் குழாய்க் கிணறா? ஐராவதி டெல்டாவில் சில குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் இருக்கிறது, பல வருஷம் அதைக் குடித்தால் உள்ளங்கை உள்ளங்காலில் அரிசி அரிசியாகத் தடிப்பு வரும், பின்னால் புற்றுநோயும் வரலாம். காலைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெகு மகள்:

எல்லாருக்கும் நன்றி. தண்ணீர் எங்களுக்கு ஊர்க் குளம்தான் சயாமா. மகளுடைய கிரீமை வாங்கிக் குப்பைக் குழியில் போட்டேன், இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நேற்று ராத்திரி அப்பா சாப்பிட்டுச் சாய்ந்திருந்தபோது டார்ச் எடுத்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்தேன். என்ன பூஜையா என்று கேட்டார். உள்ளங்காலில் மூன்று கறுப்பு இருந்தது. எலுமிச்சம்பழத் தோலும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்த்ததில் இரண்டு போய்விட்டது, செருப்புச் சாயமும் முந்திரிக் கறையும். மூன்றாவது இடது கால் சுண்டுவிரலுக்குக் கீழே, போகவில்லை. வலிக்கவும் இல்லை. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. எப்போதிலிருந்து என்று கேட்டால் அப்பாவுக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன், 9 மில்லிமீட்டர். என்ன செய்யட்டும்?

ஓய்வு பெற்ற நர்ஸ்:

படத்தை இங்கே போட வேண்டாம். பயப்படவும் வேண்டாம், அது சாதாரண மச்சமாகவும் இருக்கலாம், படத்தை வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் 6 மில்லிமீட்டருக்கு மேல், இரண்டு நிறம், எப்போது வந்தது என்று தெரியாது, இந்த மூன்றும் சேர்ந்தால் அறுவடை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே தோல் டாக்டரிடம் போங்கள். சதை எடுத்தால் அதன் முடிவுச் சீட்டையும் கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கி வையுங்கள், வேறு டாக்டரிடம் காட்ட நேர்ந்தால் உதவும். மற்றக் காலையும் கை நகங்களையும்கூடப் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சுரண்டவோ சுண்ணாம்பு வைக்கவோ விடாதீர்கள்.

தட்டோன் கறுப்பன்:

தங்கச்சி, சனிக்கிழமை ரங்கூன் போவதென்றால் சொல்லு, என் மச்சான் வண்டி காலை ஐந்து மணிக்குப் பெகு வழியாகத்தான் போகும். இங்கே நானும் என் காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், குனிய முடியவில்லை.