அம்பாசடர் சீட்டுக்கு 32 டென்சிட்டி ஃபோம் போதுமா, 40 வேண்டுமா?

திருநகர் அம்பாசடர் | சனி, இரவு 9.10

சிம்மக்கல் குஷன் என்ற பெயரில் எழுதும் தம்பி நேற்று கார்புரேட்டர் பற்றிய பேச்சுக்கு நடுவில் இரண்டு வரி போட்டிருந்தார்: "வீட்டில் உட்கார்ந்து சீட் தைக்கிறவர்கள் வண்டியைக் கெடுக்கிறவர்கள். 40 டென்சிட்டி ஃபோம் போடாத சீட் ஆறு மாதத்தில் பள்ளம் விழும்." படித்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

என் வண்டி 1988 அம்பாசடர். அப்பா வாங்கியது. போன வருடம் தை மாதம் முன்சீட்டையும் பின்சீட்டையும் நானே கழற்றி, நானே தைத்து, நானே மாட்டினேன். முன்சீட்டில் இருப்பது 32 டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ. பதினாறு மாதம் ஓடிவிட்டது. பள்ளம் இல்லை.

பழைய ரெக்சினைப் பிரித்தபோது உள்ளே ஒரு 25 பைசா, பாதி கிழிந்த பஸ் டிக்கெட், அம்மாவின் கொண்டை ஊசி. அதற்குக் கீழே தேங்காய் நார் மெத்தை. அப்பா உட்காரும் இடத்தில் மட்டும் விரல் வைத்தால் கம்பு மாவு மாதிரி உதிர்ந்தது. நாருக்குக் கீழே சாக்கு, சாக்குக்குக் கீழே வரிசையாகச் சுருள் ஸ்பிரிங். இரண்டு ஸ்பிரிங் சட்டத்தை விட்டு விலகிக் கிடந்தன, கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டினேன். புதுச் சாக்கு விரித்தேன். அதற்கு மேல்தான் ஃபோம். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். மேலே இருப்பது மெத்து. அதற்கு எதற்கு 40?

சிம்மக்கல் குஷன் | சனி, இரவு 9.42

அண்ணே, எங்கள் அப்பா முப்பத்தெட்டு வருடமாக இதே வேலை பார்க்கிறார். லாரி சீட், வேன் சீட், அம்பாசடர், ஜீப் எல்லாம் அவர் கையில் வந்தவை. நீங்கள் ஒரு வண்டிக்குத் தைத்துவிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். 40 என்றால் 40தான். 32 என்பது வீட்டுச் சோபாவுக்குப் போடுவது.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோவில் போக ஒரு அம்பாசடரில் எட்டுப் பேர் ஏறுவார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

திருநகர் அம்பாசடர் | சனி, இரவு 10.05

எட்டுப் பேர் ஏறினார்கள் தம்பி. இந்த வருடமும் ஏறினார்கள். முன்சீட்டில் நான், மச்சான், அவர் பையன். பள்ளம் இல்லை.

அந்த 32 எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபோம் வாங்கப் போனபோது நானும் 40தான் கேட்டேன். கடை பேர் வேண்டாம். 48 அங்குல நீளம், 20 அங்குல அகலம், 2 அங்குலக் கனம். பில்லில் 40 என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் தெரு பலசரக்குக் கடைத் தராசில் வைத்தேன். அந்த அளவுக்கு 40 டென்சிட்டி என்றால் 1 கிலோ 260 கிராம் பக்கம் இருக்க வேண்டும். இருந்தது 1 கிலோ 10 கிராம். கணக்குப் போட்டால் 32 வருகிறது. திருப்பிக் கொண்டுபோனேன். "தராசு வைத்து யாரும் ஃபோம் வாங்க மாட்டார்கள் சார்" என்றார்கள். மாற்றித் தரவில்லை. வேறு வழியில்லாமல் அதையே போட்டேன். பதினாறு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், 32 போதும்.

சிம்மக்கல் குஷன் | சனி, இரவு 10.11

அப்படியானால் நீங்கள் வாங்கியது 40. பில்லில் 40. இதைத்தான் நானும் சொல்கிறேன்.

திருநகர் அம்பாசடர் | சனி, இரவு 10.14

பில் எழுதினால் ஃபோம் கனத்துவிடுமா? 1 கிலோ 10 கிராம். 32.

மேலூர் ஸ்பேனர் | சனி, இரவு 10.30

ரெண்டு பேரும் ஒரு நிமிடம் கேளுங்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. எடை மட்டும்தான். அழுத்தமா மெத்தா என்பது வேறு அளவு. ஒரே 40இல் மெத்தென்றும் வரும், கல் மாதிரியும் வரும். எதைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிம்மக்கல் குஷன் | சனி, இரவு 10.33

40 பற்றித்தான்.

ஃபியட் விசுவாசி | ஞாயிறு, காலை 6.50

இந்தப் பிரச்சினை எல்லாம் அம்பாசடரோடு வருவது. என் பிரீமியர் பத்மினி காருக்கு நான்கு வருடம் முன்னால் சீட் மாற்றினேன், யாரோடும் சண்டை வரவில்லை. இங்கிலாந்துக் காரான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் மாடலை வாங்கி வந்து, அம்பாசடர் என்று பேர் வைத்து, 2014 வரை அதே உடம்பை விற்றார்கள். சீட்டைப் பற்றி யார் யோசித்திருப்பார்கள்?

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, காலை 7.15

உங்கள் பத்மினி மட்டும் பம்பாய் குர்லாவில் முளைத்ததா? அதுவும் இத்தாலிக்காரன் ஃபியட் 1100தான். ராணி பேரை வைத்தால் ஊர் மாறாது. வங்காளத்து உத்தரபாராவில் செய்த வண்டி இன்றைக்கும் எங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நத்தம் ரோட்டில் போகிறது. போன மாட்டுப்பொங்கலுக்கு அலங்காநல்லூர் விலக்கில் உங்கள் பத்மினி நின்றபோது கயிறு போட்டு இழுத்து வந்தது எந்த வண்டி என்பதையும் எழுதுங்கள்.

ஃபியட் விசுவாசி | ஞாயிறு, காலை 7.21

அது டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட், இன்ஜின் தீப்பொறிக் கோளாறு. சீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உதவி செய்ததை இப்படிப் பொதுவில் சொல்லிக்காட்டுவது நல்ல பழக்கம் இல்லை அண்ணே.

சிங்கம்புணரி நார் | ஞாயிறு, காலை 8.40

எல்லாரும் ஃபோம், ஃபோம் என்கிறீர்கள். மதுரை வெயிலில் ரெக்சினும் அதற்குக் கீழே ஃபோமும் போட்டால் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொள்ளும். நார் மெத்தைதான் காற்று விடும். ரப்பர் பால் தெளித்து, அழுத்தி, வேகவைத்து எடுத்த நார் ஷீட் இப்போதும் கிடைக்கிறது. அந்தக் காலத்து வண்டியில் அதைப் போட்டவர்கள் முட்டாள்களா? உங்கள் வண்டியில் இருந்த நாரை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு 32, 40 என்று சண்டை போடுகிறீர்கள்.

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, காலை 9.02

குப்பையில் போடவில்லை. பின்சீட்டில் நார் நன்றாக இருந்தது, அதை அப்படியே வைத்து மேலே அரை அங்குல ஃபோம் மட்டும் விரித்தேன். உதிர்ந்தது முன்சீட்டு நார். கண்ணாடி வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, ஈரம் உள்ளேயே நின்று மக்கியிருந்தது. நார் நல்ல பொருள், நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டி ஒழுகினால் முதலில் போவது நார்தான்.

அதிருக்கட்டும். குஷன் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. 1 கிலோ 10 கிராம் எப்படி 40 ஆகும்?

ஊசிநூல் | ஞாயிறு, காலை 10.20

எனக்கு ஃபோம் தெரியாது. ஆனால் "நானே தைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த மிஷினில்? வீட்டு மிஷின் ரெக்சினை ஒரு மடிப்பு தைக்கும். பைப்பிங், அதாவது ஓரத்தில் வரும் உருட்டு விளிம்பு, வைக்கும் இடத்தில் நாலு மடிப்பு வரும். அங்கே ஊசி ஒடியும். நான் பதினெட்டு வருடமாகத் தைக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, காலை 10.48

நல்ல கேள்வி அக்கா. அம்மாவின் மிதி மிஷின். 18ஆம் நம்பர் ஊசி, நைலான் நூல். மூன்று ஊசி ஒடிந்தது உண்மை. அதன் பிறகு பைப்பிங் வரும் இடத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டினேன். ஒரு தையலுக்கு ஒரு உருட்டு. முன்சீட்டு ஓரம் மட்டும் இரண்டு சாயங்காலம் பிடித்தது. ரெக்சின் மிஷின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை, முகப்பவுடர் தூவினேன், வழுக்கிக்கொண்டு போனது.

தையலை நெருக்கமாகப் போடக் கூடாது. துணி என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம், ரெக்சினில் ஊசி போன ஓட்டை மூடாது. நெருக்கமாகத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகக் கிழியும். என் முதல் துண்டு அப்படித்தான் போனது.

வெட்டுவதற்குப் பழைய கவர்தான் மாதிரி. பிரிக்கும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் பேனாவால் எண் போட்டு, எந்த ஓரம் எதோடு சேர்கிறது என்று குறுக்கே கோடு இழுத்துக்கொண்டேன். அந்தக் கோடு இல்லாமல் பிரித்திருந்தால் இன்றைக்கும் திண்ணையில் துண்டுகளோடு உட்கார்ந்திருப்பேன்.

சிம்மக்கல் குஷன் | ஞாயிறு, காலை 11.30

இதைத்தான் சொன்னேன். மூன்று ஊசி, இரண்டு சாயங்காலம், ஒரு துண்டு வீண். எங்கள் கடையில் முன்சீட்டு ஒரே நாள். துணி தைக்கிறவர்கள் வேறு, சீட் தைக்கிறவர்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

ஊசிநூல் | ஞாயிறு, காலை 11.41

துணி தைக்கிறவர்கள் என்றால் உங்களுக்கு அவ்வளவு இளப்பமா? என் அப்பா மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் தூணை ஒட்டி மிஷின் போட்டுத் தைத்தவர். அழகர் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பு எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். வெல்வெட்டில் ஜரிகை வைத்துத் தைக்கிற கைக்கு ரெக்சின் பெரிய விஷயம் இல்லை. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகும் அந்தக் கைகள்தான் தைக்கின்றன.

சிம்மக்கல் குஷன் | ஞாயிறு, காலை 11.50

அக்கா, உங்களையோ உங்கள் அப்பாவையோ சொல்லவில்லை. நான் சொல்வது 40 பற்றி.

ஊசிநூல் | ஞாயிறு, காலை 11.52

நீங்கள் சொன்னது தையல் பற்றி. மேலே அப்படியே இருக்கிறது.

உசிலம்பட்டி 800 | ஞாயிறு, மதியம் 1.15

வணக்கம். என்னிடம் 1997 மாருதி 800 இருக்கிறது. டிரைவர் சீட் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அண்ணன் சொன்ன மாதிரி 32 போடலாமா?

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, மதியம் 1.40

வேண்டாம் தம்பி. உங்கள் வண்டியில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. சட்டத்தின் மேல் அச்சில் ஊற்றி எடுத்த ஃபோம் உட்கார்ந்திருக்கிறது, பாரம் முழுக்க அதன் மேல்தான். அப்படி வார்த்த ஃபோம் பொதுவாக 45க்கு மேல் இருக்கும். முதலில் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துச் சட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்கிறது என்றால் பெரும்பாலும் வெல்டு விட்டிருக்கும். ஃபோமில் கை வைக்கும் முன் அதைச் சரி செய்யுங்கள்.

சிம்மக்கல் குஷன் | ஞாயிறு, மதியம் 1.44

பார்த்தீர்களா! 45 என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. 32 போதாது என்று ஒத்துக்கொண்டார்.

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, மதியம் 1.50

தம்பி, அது மாருதி. தலைப்பிலேயே அம்பாசடர் என்று போட்டிருக்கிறேன். ஸ்பிரிங் உள்ள சீட், ஸ்பிரிங் இல்லாத சீட் என்ற வித்தியாசம் முப்பத்தெட்டு வருடக் கடையில் சொல்லித் தரவில்லையா?

சிம்மக்கல் குஷன் | ஞாயிறு, மதியம் 1.58

எங்கள் அப்பாவைப் பற்றிப் பேசாதீர்கள் அண்ணே. மரியாதையாகச் சொல்கிறேன். ஆறு மாதம் முன்னால் இதே மாதிரி பிரேக் ஆயில் விஷயத்திலும் எல்லாரையும் மட்டம் தட்டினீர்கள். அன்றைக்கும் நான் பேசாமல் இருந்தேன்.

மேலூர் ஸ்பேனர் | ஞாயிறு, மதியம் 2.10

பிரேக் ஆயிலில் அவர் சொன்னது சரி. டாட் 3, டாட் 4 என்ற இரண்டு வகை ஆயிலும் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, மாலை 5.20

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவர் வேலையை நான் பார்த்ததில்லை, நல்ல வேலையாகவே இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான். வீட்டில் செய்கிறவன் வண்டியைக் கெடுக்கிறவன் என்று எழுதினீர்களே, அது என் நெஞ்சில் தைத்தது. என் அப்பா உட்கார்ந்த சீட் அது. ஏதோ ஒரு கடையில் கொடுத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. ரெக்சினை வைகாசி வெயிலில் திண்ணைச் சுவரில் அரை மணி நேரம் போட்டேன். சூடு ஏறியதும் தோல் மாதிரி இளகியது. நானும் என் மகளும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, சட்டத்தில் வளையம் வளையமாகக் கம்பி மாட்டினோம். சூடு ஆறியபோது ஒரு சுருக்கம் இல்லாமல் இறுகி நின்றது. இது கெடுத்ததா?

ஃபியட் விசுவாசி | ஞாயிறு, மாலை 5.45

வேலையைத் தை மாதம் செய்தேன் என்று முதலில் எழுதினீர்கள். இப்போது வைகாசி வெயில் என்கிறீர்கள்.

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, மாலை 5.52

தையில் செய்தது முன்சீட்டு, பின்சீட்டு. வைகாசியில் செய்தது முன்சீட்டின் சாய்மானம். மாலை நாலு மணிக்கு மேல் மட்டும் செய்கிறவனுக்கு அவ்வளவு நாள் ஆகும். டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டீர்களா?

சிங்கம்புணரி நார் | ஞாயிறு, மாலை 6.30

சாய்மானத்துக்காவது நார் வைத்திருக்கலாம்.

சிம்மக்கல் குஷன் | ஞாயிறு, இரவு 8.05

அப்பாவிடம் கேட்டேன். 40தான் என்றார்.

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, இரவு 8.09

எந்த வண்டிக்கு என்று கேட்டீர்களா? எத்தனை அங்குலக் கனத்துக்கு என்று கேட்டீர்களா? உங்கள் கடையில் இருக்கும் ஷீட் ஒன்றை நாளைக்கே தராசில் வைத்து, நீளம், அகலம், கனம், எடை நான்கையும் இங்கே எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன். 48, 20, 2, 1 கிலோ 10 கிராம்.

சிம்மக்கல் குஷன் | ஞாயிறு, இரவு 8.31

எங்கள் கடையில் ஃபோமைத் தராசில் வைக்கும் வழக்கம் கிடையாது. கையால் அழுத்திப் பார்த்தாலே தெரியும்.

உசிலம்பட்டி 800 | ஞாயிறு, இரவு 8.50

கழற்றிப் பார்த்துவிட்டேன் அண்ணே. வலது பக்கச் சட்டத்தில் வெல்டு விட்டிருக்கிறது. ஃபோமும் ஓரத்தில் பிய்ந்திருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் துண்டு ஒட்டலாமா?

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, இரவு 9.04

ஒட்டலாம். பிய்ந்த இடத்தை ஹாக்ஸா பிளேடால் சதுரமாக வெட்டி எடுங்கள். அதைவிடக் கால் அங்குலம் பெரிதாகப் புதுத் துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் எஸ்ஆர் பசை தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் பிடிக்காது. துண்டு வாங்கும்போது தராசில் வைத்து வாங்குங்கள்.

சிம்மக்கல் குஷன் | ஞாயிறு, இரவு 9.06

40 கேட்டு வாங்குங்கள் தம்பி.

திருநகர் அம்பாசடர் | ஞாயிறு, இரவு 9.07

மாருதிக்கு 40 போதாது என்று மதியமே சொன்னேன்.